பெயரும் விதையும்

நெல்லுக்குத் தமிழுழவன் இட்ட பெயர்கள் வெற்று அடையாளங்கள் அல்ல; அவை உழவறிவின் சுருக்கங்கள். மடுமுழுங்கி என்னும் பெயர், நீர் தேங்கும் பள்ளத்திற்கு உரிய நெல் அது என்று சொல்லும். உவர்முண்டான் உவர்நிலத்தைத் தாங்கும். புழுதிக்கார் புழுதி விதைப்பிற்கு ஏற்றது. அறுபதாங்குறுவை குறுகிய நாளில் கதிர் முற்றுவது. எழுத்தறியா உழவனும் பெயரைக் கேட்ட அளவிலேயே, எந்த நிலத்தில், எந்தப் பட்டத்தில் அதனை விதைப்பது என்று அறிந்துகொண்டான்.

அப் பெயர்கள் வழங்கிய வயல்களில் இன்று எண்கள் வழங்குகின்றன. 1966-ஆம் ஆண்டில், பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அதன் வழியில் எண்ணிட்ட வகைகள் பல வந்தன. அவை விளைச்சலைப் பெருக்கிப் பசி தணித்தமை மறுக்கத்தக்கதன்று. ஆயின், ஊர்தோறும் ஒரே வகை நெல் நின்றபோது, அதனைத் தாக்கும் நோய்க்கும் ஊர்தோறும் வழி திறந்தது.

அது வீண் அச்சம் அன்று, நடந்த செய்தி. புதுநெல்லைப் புல்போற் குட்டையாக்கி அழிக்கும் நச்சுயிரி நோய் ஒன்று ஆசிய நாடுகளிற் பரவியது. அதனைத் தாங்கும் ஆற்றல் எந்த நெல்லில் உள்ளது என்று அறிய, அந் நிலையத்தார் தம்மிடமிருந்த ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட விதைத் தொகுதிகளை ஆராய்ந்தனர். அவ்வாற்றல் ஒரே ஒரு தொகுதியில்தான் கிடைத்தது. அதுவும் பயிர்நெல் அன்று. 1963-இல் உத்தரப்பிரதேசத்தில் திரட்டப்பட்ட காட்டுநெல். அதன் மரபுக்கூற்றைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 36 என்னும் வகை 1976-இல் வெளிவந்தது. எவரும் விதையாத, எவரும் விலை கொடாத ஒரு புல், பல நாட்டு வயல்களைக் காத்தது. அப் புல் முன்னரே அழிந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே, விதைகளைத் திரட்டி வைப்பகத்திற் காத்தல் இன்றியமையாதது. அதற்காக உயிரையே ஈந்தோரும் உளர். உருசிய அறிஞர் வாவிலோவ் உலகெங்கும் திரட்டிய விதைகள் இலெனின்கிராடு நகரில் இருந்தன. 1941 முதல் 1944 வரை செருமானியப் படை அந் நகரை முற்றுகையிட்டபோது, மக்கள் பட்டினியால் மடிந்தனர். விதைகளைக் காத்த ஆய்வாளர் பலரும் அவற்றை உண்ணாமலே இறந்தனர். நெல் விதைகளைக் காத்த இவானோவ் என்பார், பல்லாயிரம் நெற்பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியால் உயிர் நீத்தார். வாவிலோவோ, அரசின் சிறையில் 1943-இல் நலிந்து மாண்டார்.

ஆயினும், வைப்பகம் ஒன்றே போதும் என்று அமைதல் பிழை. நார்வே நாட்டின் வடகோடியில், சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், 2008-இல் உலக விதைப் பேழை திறக்கப்பட்டது. சிரியாவில் போர் மூண்டு அலெப்போ விதை வைப்பகம் இயங்க இயலாது போகவே, அதற்குரியோர் தாம் அப் பேழையில் வைத்திருந்த விதைகளை 2015-இல் திரும்பப் பெற்றனர். பெற்றவற்றை இலெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கிய பின்னரே, 2017-இல் புதுவிதையைப் பேழையில் மீண்டும் வைத்தனர். பேழையின் விதையும் ஒரு நாள் மண்ணுக்கு வந்தே தீரவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குளிரில் உறங்கும் விதை, உறங்கத் தொடங்கிய ஆண்டிலேயே நின்றுவிடுகின்றது. வயலில் வாழும் விதையோ, ஆண்டுதோறும் புதிய வெயிலையும் புதிய பூச்சியையும் எதிர்கொண்டு, உழவன் கையால் தேர்ந்தெடுக்கப்பட்டு, காலத்தோடு நடக்கின்றது. அகரமுதலியில் மட்டும் உள்ள சொல்லுக்கும் மக்கள் நாவில் வழங்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அகரமுதலி வேண்டும், ஆனால் அகரமுதலி பேசாது.

ஒன்று வீழின் அதனைச் சார்ந்த மற்றொன்றும் வீழும். காட்டுயானம் போன்ற நெடுநெல் ஆளுயரம் வளர்ந்து மாட்டுக்கு வைக்கோல் மிகத் தந்தது. குட்டை நெல் தரும் வைக்கோல் குறைவு. சேற்று வயலில் உழைக்கப் பழகிய உம்பளச்சேரி மாட்டின் வேலையையோ உழுபொறி பறித்தது. காளையின் உறைவிந்தைக் காத்து வைக்கலாம். காளைக்குரிய வேலையையும் தீவனத்தையும் எந்தக் குளிர்க்கலத்தில் வைப்பது?

வயலிற் காக்கும் வழியைத் தமிழுழவர் காட்டியுள்ளனர். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், 2006 முதல் நெல் திருவிழா நடத்தியவர் நெல் செயராமன். இரண்டு கிலோ விதை பெறுவோர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி. 174 வகை நெல்லைத் திரட்டிய அவர் 2018-இல் மறைந்தார். அவர் கொடுத்த விதை பல ஊர் வயல்களில் முளைத்தது.

எனினும், உழவன் தன் வயிற்றைக் கட்டிக்கொண்டு விதையைக் காக்கட்டும் என்று நகரத்தார் அறிவுரை கூறுதல் அறமாகாது. விளைவு குறையும் இழப்பை அவன் ஒருவனே சுமத்தல் முறையன்று. காப்பதன் பயன் அனைவர்க்கும் உரியதாதலின், செலவும் அனைவர்க்கும் உரியது. மரபுநெல் விளைவிப்போர்க்கு அரசு தனிவிலை தருக. ஊராட்சிதோறும் ஒரு மா நிலமேனும் விதைக்கென ஒதுக்குக. வைப்பக ஏடுகளில் எண்ணோடு, உழவர் வழங்கும் பெயரும், அது விளைந்த ஊரும், விளைவிக்கும் முறையும் எழுதப்பெறுக. பெயர் அழிந்த விதை, முகவரி அழிந்த மடல் போன்றது. கையில் இருந்தும் சேருமிடம் அறியாது.

தமிழ்ப் பற்றாளர் தம் பிள்ளைக்குத் தூய தமிழ்ப்பெயர் இடுவதோடு அமைதல் போதாது. முன்னோர் தூய தமிழ்ப்பெயர் இட்ட நெல் தம் ஊரில் எது எது இருந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். கிடைப்பதை வாங்கி உண்ணல் வேண்டும். நிலமுடையோர் ஒரு பாத்தியிலேனும் விதைத்தல் வேண்டும். நாவில் பெயரும் வயலில் விதையும் ஒருங்கே வாழ்க!