கன்ஸல்டன்ட் என்னதான் செய்கிறாள்?

டாக்டர் என்றால் ஊசி போடுவார். வக்கீல் என்றால் வாதாடுவார். வாத்தியார் என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பார். இவர்களைப் பெற்ற தாயார்கள் பாக்கியசாலிகள். பக்கத்து வீட்டு மாமி, "உங்கள் பெண் என்ன வேலை பார்க்கிறாள்?" என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடலாம். ஆனால் 'எண்டர்பிரைஸ் ஸாப்ட்வேர் கன்ஸல்டன்ட்' என்ற உத்தியோகத்தில் இருக்கும் பெண்ணைப் பெற்றவள் என்ன செய்வாள், பாவம்! "கம்ப்யூட்டரிலே ஏதோ..." என்று இழுப்பாள். மாமி உடனே முகம் மலர்ந்து, "அப்படியா! எங்கள் வீட்டு பிரிண்டர் இரண்டு நாளாக மக்கர் பண்ணுகிறது. கொஞ்சம் வந்து பார்க்கச் சொல்லுங்களேன்" என்பாள்.

இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டாமா? ஆகையால் இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் ஒரு நாள் பொழுதை உங்கள் முன் வைக்கிறேன். ஆள் கற்பனை, வேலை நிஜம். ஊர் சோளிங்கர்.

"சோழிங்கநல்லூரா?" என்று கேட்க வாயெடுத்தீர்கள் அல்லவா? எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். சோழிங்கநல்லூர் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் இடம். சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டத்தில், மலை மேல் யோக நரசிம்மர் வீற்றிருக்கும் திருத்தலம். கம்பெனி அனுப்பும் லாப்டாப் முதலில் அங்கே போய்விட்டு இங்கே வந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கை கேளுங்கள்: சோளிங்கர் என்று பலகை மாட்டிய ரயில் ஸ்டேஷன் சோளிங்கரில் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது! மாவட்டமாவது நிலையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது சோளிங்கர் ராணிப்பேட்டையின் பங்குக்கும், ஆம்பூர் திருப்பத்தூரின் பங்குக்கும் போய்விட்டன.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர். ஒரு பெயருக்கு இரண்டு இடம். நம் கன்ஸல்டன்டின் உத்தியோகத்தில் முக்கால் பங்கு இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான். பிறந்த ஊரே அவளுக்குப் பள்ளிக்கூடமாக வாய்த்துவிட்டது!

அது என்ன ஸாப்ட்வேர் என்கிறீர்களா? உங்கள் வீட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். அரிசி இன்னும் எத்தனை நாளைக்கு வரும், பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, காஸ் சிலிண்டர் எப்போது தீரும், கடைக்குட்டிக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் - இத்தனையும் ஒரே தலைக்குள் இருக்கின்றன. அந்தத் தலை உங்களுடையது. ஆகவேதான் மைத்துனர் குடும்பத்தோடு வருகிறார் என்ற செய்தி காதில் விழுந்த மறுகணமே உளுந்து ஊறப் போகிறது. நாளைக்கு இரண்டு பாக்கெட் பால் அதிகம் என்று சொல்லி அனுப்பியாகிவிடுகிறது.

பெரிய தொழிற்சாலைக்கு அப்படி ஒரு தலை கிடையாது. சரக்கு வாங்குகிறவர் ஒருவர். பூட்டி வைக்கிறவர் ஒருவர். செய்கிறவர், விற்கிறவர், பணம் எண்ணுகிறவர் என்று ஆளுக்கொரு நோட்டு. ஒருவர் நோட்டில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. அந்த நோட்டுகளையெல்லாம் ஒரே கணக்காகக் கோத்துக் கட்டும் ஸாப்ட்வேருக்குத்தான் 'ஈ.ஆர்.பி.' என்று பெயர்.

இதில் பேர் பெற்றது எஸ்.ஏ.பி. 1972இல் ஜெர்மனியில், ஐ.பி.எம். கம்பெனி வேலையை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் ஆரம்பித்தது. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட அப்போது அவர்களிடம் இல்லை. நைலான் இழை செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் அந்த ஆலையின் கணக்கையே எழுதினார்கள். அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் வேலையைப் பார்த்து, அடுத்தவர் கணக்கை எழுதுவது! கன்ஸல்டன்ட் வம்சத்துக்கு மூலபுருஷர்கள் அவர்களே.

சரி, பொழுது விடிந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு முதல் மீட்டிங். வீட்டிலிருந்தே வேலை என்பதால், நம் பெண் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசுகிறாள். முதல் மாதம் அவளுடைய பாட்டி பயந்து போய் வேப்பிலை அடிக்கலாமா என்று யோசித்தது உண்டு. சோளிங்கருக்குத் திருக்கடிகை என்றும் ஒரு பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கடிகை, அதாவது 24 நிமிஷம், அங்கே தங்கினாலே மோட்சம் என்பது ஐதீகம். நம் பெண்ணின் மீட்டிங் அரை மணி. "நான் பேசுவது கேட்கிறதா?" "கேட்கிறது. என் முகம் தெரிகிறதா?" என்பதிலேயே ஒரு கடிகை கழிந்துவிடும். மோட்சம் மட்டும் கிடைப்பதில்லை.

பிறகு பாஷை. எஸ்.ஏ.பி.யில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. சரக்கு வந்து சேர்ந்தால் 101. அந்த வரவு தப்பு என்று ரத்துச் செய்தால் 102. "காலையில் 101 போட்டேன், மத்தியானம் யாரோ 102 போட்டுவிட்டார்கள்" என்று அவள் போனில் அங்கலாய்ப்பதைக் கேட்ட அம்மா, ஏதோ கல்யாணத்தில் எழுதிய மொய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். உண்மையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. மொய் நோட்டைச் சரியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு ஈ.ஆர்.பி. ஒரு பிரமாதமில்லை.

வாரத்தில் இரண்டு நாள் தொழிற்சாலைக்கே போக வேண்டும். பாணாவரத்து 'சோளிங்கரி'ல் ரயில் ஏறினால், அதே பாதையில் ஆம்பூர். அங்கே ஷூ செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் புதிதாக ஈ.ஆர்.பி. போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

தோல் இருக்கிறதே, அதைப்போல் கணக்குக்கு அடங்காத சரக்கு கிடையாது. பச்சைத் தோல் வரும்போது எண்ணிக்கையில் வரும்: இத்தனை தோல் என்று. ஊறப்போட்டு, சுண்ணாம்பில் போட்டு, ரசாயனச் சரக்கு சேர்க்கும்போது கணக்கு எடைக்கு மாறிவிடும். இத்தனை கிலோ தோலுக்கு நூற்றுக்கு இத்தனை பங்கு மருந்து. பதனிட்டு, சாயமேற்றி, மெருகு கொடுத்த பிறகு எடையைச் சீந்துவார் இல்லை. சதுர அடிதான் கணக்கு. ஐரோப்பாக்காரரோ சதுர அடியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அவருக்குச் சதுர டெஸிமீட்டர். ஒரு சதுர அடிக்கு அது 9.29. ஷூவாகி வெளியே வரும்போது ஜோடிக் கணக்கு. அந்த ஜோடிக்கும் ஐரோப்பாவில் 42ஆம் நம்பர் என்றால் இங்கிலாந்தில் 8! ஒரு ஆடு எத்தனை வேஷம் போடுகிறது, பார்த்தீர்களா?

இத்தனை வேஷத்தையும் கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். யாரிடம் கேட்டுச் சொல்வது? முதலாளிக்குத் தெரியாது, மானேஜருக்குப் பாதி தெரியும். ஸ்டோரில் இருக்கும் பெரியவருக்குத்தான் முழுவதும் தெரியும். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுகிறார்கள். கையில் நாலாக மடித்த ஒரு நோட்டு.

"பாய், லிஸ்டிலே ஆயிரம் அப்பர்னு போட்டிருக்கு. ரேக்கிலே எவ்வளவு இருக்கு?"

"ஆயிரம்தாம்மா."

"ஜோடியா, பீஸா?"

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கே நாங்க பீஸா எண்ணுவோம். மாடியிலே அவங்க ஜோடியா எண்ணுவாங்க. இருபது வருஷமா அப்படித்தான்."

"அப்போ தகராறு வரலையா?"

"எதுக்கு வருது? மாடியிலேருந்து சீட்டு வந்தா, நான் ரெண்டாலே பெருக்கிக்குவேன்."

வாசகர்களே, அந்த ஒரு பெருக்கல் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. பாயின் நோட்டில்கூட இல்லை. அவர் தலைக்குள் இருந்தது. அவரைக் கேட்காமல் புது ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தால், ஆயிரம் ஜோடிக்கு ஆர்டர் எடுத்துவிட்டு, ஐந்நூறு ஜோடியை வைத்துக் கொண்டு கப்பலடியில் நிற்க வேண்டியதுதான். கப்பல் காத்திருக்காது. மீதியை ஆகாய விமானத்தில் அனுப்பினால் லாபம் ஆகாயத்தோடு போயிற்று. அடுத்த ஆர்டர் வராவிட்டால், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பெண்களின் கதி என்ன?

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் ஹெர்ஷி என்று ஒரு பெரிய சாக்லேட் கம்பெனி. 1999 ஜூலையில் புது ஸாப்ட்வேரை முழுமூச்சாக ஓட்ட ஆரம்பித்தார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் பண்டிகை. நமக்குத் தீபாவளிப் பட்சணம் போல அங்கே குழந்தைகளுக்கு அன்று மிட்டாய் கொடுத்தாக வேண்டும். சாக்லேட் கிடங்கில் இருந்தது. கடைக்குப் போய்ச் சேரவில்லை! சுமார் 10 கோடி டாலர் பெறுமான ஆர்டர்களைக் காலத்தில் அனுப்ப முடியாமல் போயிற்று. ஜெர்மனியில் லிடில் என்ற பலசரக்குக் கடைக்காரர்கள் ஏழு வருஷம் பாடுபட்டு, சுமார் 50 கோடி யூரோவைச் செலவழித்த பிறகு, 2018இல் புது ஏற்பாடே வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்தார்கள். காரணங்களில் ஒன்றாகப் பத்திரிகைகளில் அடிபட்டது என்ன தெரியுமா? கையிருப்புச் சரக்கை வாங்கின விலையில் மதிப்பது கடைக்காரர் வழக்கம். விற்கிற விலையில் மதிப்பது ஸாப்ட்வேரின் வழக்கம். புடவையின் விலையைப் பற்றிப் புருஷன் ஒரு கணக்கும் மனைவி ஒரு கணக்கும் வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சங்கடம் எளிதில் புரியும்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மட்டும் தொழிற்சாலையில் எல்லா இலாகாவும் ஒரே அபிப்பிராயம். ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் எதிரே இருக்கும்போது வேற்றுமைக்கு ஏது இடம்!

சாப்பிட்டுக் கை கழுவி வந்த பாய் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இந்த மெஷின் வந்த பிறகு நான் எதுக்கு?"

"நீங்க சொல்லலைன்னா பாதி ஷூ கப்பல் ஏறாதே, பாய்!"

"அது இன்னிக்கு. சொல்லி முடிச்ச பிறகு?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கம்பெனியின் பயிற்சிப் புத்தகத்திலும் பதில் அச்சடித்திருக்கவில்லை. நம் பெண்ணும் சமாதானமாகப் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் முதலாளிக்கு எழுதிய குறிப்பில் ஒரு வரி சேர்த்தாள்: ஸ்டோரில் புது ஏற்பாட்டை மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியவர் பாய், கணக்கு ஒத்துப் போகாத இடத்தில் கடைசி வார்த்தையும் அவருடையதாக இருக்க வேண்டும். முதலாளி கையெழுத்துப் போடுவாரா என்பது அடுத்த மீட்டிங் சமாசாரம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், எழுதாதவர்களும் இருக்கிறார்கள். கன்ஸல்டன்டில் நல்லவர், மோசமானவர் என்று தரம் பிரிக்க எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்.

ராத்திரி ஆகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஜெர்மனியில் இன்னும் சாயங்காலம். கோடையில் மூன்றரை மணி, குளிர் காலத்தில் நாலரை மணி, அவர்கள் நமக்குப் பின்னால். அங்கிருந்து ஒருவர், "ஒரு சின்ன மாற்றம்தான், இரண்டு நிமிஷ வேலை" என்கிறார். இரண்டு நிமிஷ வேலை முடியும்போது சாதம் ஆறி, ரசம் உறைந்து, அம்மா தூங்கிப் போயிருப்பாள்.

புது ஏற்பாடு நிஜமாக ஓடத் தொடங்கும் நாளுக்குக் 'கோ லைவ்' என்று பெயர். கிட்டத்தட்ட பிரசவம் மாதிரி. எல்லோரும் வாசலில் கவலையோடு நிற்பார்கள். அதற்கப்புறம் சில வாரங்களுக்கு 'ஹைப்பர்கேர்' என்று ஒரு காலம், அதாவது பத்தியம். கேட்டதெல்லாம் செய்து கொடுத்துக் கண் விழிக்க வேண்டும்.

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. 2024இல் ரோப் கார் வந்துவிட்டது, வயதானவர்கள் வாழ்த்துகிறார்கள். ஈ.ஆர்.பி. வாங்கும் முதலாளிகள் எல்லோரும் தாங்கள் ரோப் கார் வாங்கியிருப்பதாகவே நினைக்கிறார்கள். ஒவ்வொரு படியாக யாரோ ஒருவர் ஏறிப் பார்த்து எண்ணினால்தான் இது ஓடும் என்பது கன்ஸல்டன்டுக்கும் பாய்க்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

இதைப் படித்துவிட்டு, "நல்ல வேளை, நமக்கு இந்த வம்பு இல்லை" என்று பெருமூச்சு விடாதீர்கள். நாளைக்கே நீங்கள் நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போனால், வெல்லம் எந்த டப்பாவில், சிலிண்டர் புத்தகம் எந்த அலமாரியில், இஸ்திரிக்காரரிடம் போட்டது எத்தனை உருப்படி என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால் உங்கள் வீட்டு பாய் நீங்கள்தான்! ஆகவே ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். டப்பாவின் மேல் 'காப்பிப் பொடி' என்று எழுதி உள்ளே கடுகு வைக்கும் வழக்கம் இருந்தால், அதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு நாளும் உங்கள் வீட்டுக்காரர் கடுகுக் காப்பிதான் சாப்பிடுவார்.