நெல்லிக்குப் பெயர் கேளுங்கள்

வட இந்திய நாற்றுப் பண்ணைகளில் நெல்லிக் கன்று வாங்கச் செல்வோரிடம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: "தேசியா, ஹைபிரிடா?" தமிழில் இதுவே "நாட்டு நெல்லியா, ஹைபிரிட் நெல்லியா?" என்றாகிறது. வீட்டுத் தோட்டத்தாரின் தேர்வை முதலில் பிழையாக்குவது இந்த இருமைதான் என்பது என் கருத்து.

மொழியியல் பயின்றோர்க்கு இது பழகிய சிக்கல். ஒரு சொல் தன் துறைப் பொருளை இழந்து, விற்பனையின் மதிப்புச் சொல்லாக மாறிவிடுகிறது. வேளாண் அறிவியலில் கலப்பினம் என்பது, தெரிந்தெடுத்த பெற்றோரைக் கலந்து பெறுவது. இன்று பரவலாக விற்கப்படும் நெல்லி இரகங்கள் பல அவ்வாறு பிறந்தவை அல்ல. பனாரசி, சகையா, பிரான்சிஸ் ஆகியவை உத்தரப் பிரதேசத்தின் பழைய இரகங்கள். அவற்றின் விதைகளிலிருந்து தற்செயலாய் முளைத்த சிறந்த மரங்களைக் குமார்கஞ்சிலுள்ள நரேந்திர தேவ் வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்துப் பெயரிட்டது. அவ்வகையில் பிரான்சிஸிலிருந்து என்.ஏ.-7, சகையாவிலிருந்து காஞ்சன், பனாரசியிலிருந்து கிருஷ்ணா ஆகியவை வந்தன. ஆகவே கடைக்காரர் 'ஹைபிரிட்' என்று சொல்வது பெரும்பாலும் ஒட்டுக்கன்றையே. 'நாட்டு' என்பது விதைக்கன்றை.

இந்தக் குழப்பத்தால் மறைந்துபோகும் செய்திகள் சிறியவை அல்ல. பனாரசி பெரிய காயைத் தரும், முன்கூட்டியே முதிரும். ஆனால் பெண் பூக்கள் குறைவாதலால் விளைச்சலும் குறைவு. சகையா பிந்தி முதிர்வது, நார் மிகுந்தது, ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்புடையது. தாழ்ந்து தொங்கும் கிளைகளால் ஹாத்தி ஜூல் என்றும் பெயர் பெற்ற பிரான்சிஸ், காயின் உட்புறம் பழுப்பேறும் குறைபாட்டுக்கு எளிதில் ஆளாகும். என்.ஏ.-7 விரைவில் காய்க்கும், மிகுதியாகவும் காய்க்கும். சுமை தாங்காமல் கிளை முறியும் என்பதால் முட்டுக் கொடுக்க வேண்டும். நார் குறைந்த என்.ஏ.-6 முரப்பாவுக்கு உகந்தது. 'ஹைபிரிட்' என்னும் ஒற்றைச் சொல் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றும் மறைகிறது. நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாகப் பூக்கின்றன. ஆயினும் தன் மகரந்தத்தால் மட்டும் அது நன்கு காய்ப்பதில்லை. அருகில் வேறு இரகம் வேண்டும். ஒரே இரகத்தின் ஒட்டுக்கன்றுகள் இரண்டை நட்டாலும் பயனில்லை. அவை மரபணு அளவில் ஒரே மரத்தின் படிகளே. பெயர் தெரியாமல் வாங்குபவருக்குத் தம்மிடம் இருப்பவை இரண்டு இரகங்களா, ஒன்றா என்பதே தெரியாது. என்.ஏ.-6, என்.ஏ.-7 போன்ற இரண்டைச் சேர்த்து நடுவது நல்லது. இடம் குறைந்தோர் ஒரே அடிமரத்தில் இரு இரகங்களின் மொட்டுகளை ஒட்டலாம்; அல்லது அண்டை வீட்டாரோடு பேசி ஆளுக்கோர் இரகம் நடலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒட்டுக்கன்று காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். விதைக்கன்றுக்கு இன்னும் கூடுதல். அதன் பின்னரே பிழை தெரியவரும். விற்றவருக்கு அதனால் இழப்பில்லை. சிறிய முற்றத்தின் ஒரே மர இடத்தைக் கொடுத்தவருக்கே இழப்பு.

"வாங்குவோர் இரகம் கேட்பதில்லை, நாங்கள் ஏன் எழுதி வைக்க வேண்டும்?" என்று பண்ணையார் கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் சொல்லப்படாத பெயரைக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வரும்? பெயர்ச்சீட்டு ஒட்டுவதில் தொடங்கினால்தான் கேள்வியும் பிறக்கும்.

அதற்காக விதைக்கன்றை இழிவாகக் கருத வேண்டியதில்லை. இன்றைய காஞ்சனும் கிருஷ்ணாவும் நேற்றுப் பெயரற்ற விதைக்கன்றுகளாய் இருந்தவைதாம். இடமும் பொறுமையும் உடையோர் ஒன்றை வளர்ப்பது, நெல்லியின் பன்மைக்குச் செய்யும் உதவி. அதை அறிந்தே செய்ய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்த முறை கன்று வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: இது ஒட்டா, விதையா? இரகத்தின் பெயர் என்ன? இதற்குத் துணையாக எந்த இரகத்தை நட வேண்டும்? மூன்றுக்கும் விடை கிடைக்காத இடத்தில் வாங்காமல் திரும்புவதே நன்று.