சுவர் நிறையத் திரை. வயலுக்கு என்ன விடை?

மழை எங்கே பெய்தது, எங்கே பொய்த்தது என்பதை எடுத்துக்காட்ட ஒரு சுவர் முழுவதும் திரைகள் வேண்டும் என்கின்றனர் நிபுணர்கள். வேண்டாம் என்று நாமும் கூறோம். ஆனால், அச்சுவரின் முன்னே இருக்கை யாருக்கு, அதன் மொழி எது, அது காட்டும் நிறத்துக்குச் சான்று யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைக்கும் வரை நாம் வாளாவிருக்கப் போவதில்லை.

கலையைப் பழிப்பது எமது நோக்கமன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 2002 இல் 49 திரைகளை இணைத்து இத்தகைய சுவரொன்றை அமைத்தது. 2008 இல் அது 128 திரைகளாய், ஏறக்குறைய 24.5 கோடி ஒளிப்புள்ளிகளாய் வளர்ந்தது. ஒரு திரையில் மழை, அடுத்ததில் காற்று, அதற்கடுத்ததில் கடலின் வெப்பம் எனப் பலவற்றை அருகருகே நிறுத்தி ஒப்பிடலாம். நாளை ஒரு கையசைவில் நகர்த்தினால் எல்லாத் திரைகளும் ஒருங்கே நகருமாறும் செய்யலாம். நூறு பக்க அட்டவணை மறைத்து வைப்பதைக் கண் ஒரு நொடியில் கண்டுவிடும். 1964 டிசெம்பரில் வடக்கைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியையும், 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும் அறிந்த எம்மவருக்கு இக்கருவியின் அருமையைப் பிறர் உரைக்க வேண்டியதில்லை.

அண்மையில் ஓர் அலுவலகத்தில் இத்தகைய காட்சியொன்றைக் காணும் வாய்ப்பு எமக்கும் கிட்டியது. ஆறு திரைகள். நிறங்களின் பொருளைக் கூறும் குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில். எம்முடன் வந்திருந்த வன்னி விவசாயி ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கட குளத்தை ஒருக்காக் காட்டுங்கோ” என்றார். அதிகாரி படத்தைப் பெருப்பித்தார். ஊர் வரவில்லை, ஒரே நிறத்தில் ஒரு பெரிய சதுரம் வந்தது. “இதுக்குள்ளதான் உங்கட குளம்” என்றார் அதிகாரி. அவை சிரித்தது. விவசாயி சிரிக்கவில்லை. “போன மாரியிலை எங்கட குளம் அரைவாசியும் நிரம்பேல்லை, பக்கத்துக் குளம் வான் பாஞ்சது. இரண்டுக்கும் ஒரே நிறமோ ஐயா?” என்று கேட்டார். விடை வரவில்லை.

அவ்விடை கணக்கிலே உள்ளது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு நிலையத்தின் ‘ஈ.ஆர்.ஏ. 5’ என்னும் தரவுத்தொகுதி, 1940 முதலான உலக வானிலையை மணிக்கு மணி தருகின்றது. அரிய பணிதான். ஆயினும் அதன் கட்டம் ஒன்றின் பக்கம் ஏறக்குறைய 31 கிலோமீற்றர். பரப்பு ஏறக்குறைய 960 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதுமே ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீற்றர்தானே! கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 1981 முதலான மழைக்குத் தரும் ‘சிர்ப்ஸ்’ தரவு இதனினும் நுணுக்கமானது. கட்டம் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீற்றர். ஆனால் அது செய்மதியின் மதிப்பீட்டை நிலத்து மழைமானிகளைக் கொண்டு திருத்திப் பெறப்படுவது. மழைமானி இல்லாத ஊரில் அம்மதிப்பீட்டைத் திருத்துவது எது? திரையை நூறாகப் பெருக்கினால் சதுரம் பெரிதாகும், அறிவு பெரிதாகாது.

இது வெறும் அறிவியல் வாதமன்று. 2018 டிசெம்பர் 21, 22 ஆம் நாள்களின் பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை மறந்தோமா? இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பது பின்னர் பெரும் விவாதமாயிற்று. நாளை இத்தகைய முடிவும், வரட்சிக்கு நட்டஈடு யாருக்கு என்னும் முடிவும் திரையின் நிறம் பார்த்தே செய்யப்படுமாயின், நிறம் பிழைத்தவன் நிலை என்ன? எமது நீதிமன்றங்களில் ஒரு பரப்புக் காணியின் வரைபடம் சான்றாக வந்தாலும், அதை வரைந்த நில அளவையாளரைக் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஒரு பரப்புக்கு உள்ள இந்த உரிமை ஆயிரம் ஏக்கர் வயலுக்கு இல்லையா? மறுதரப்பைக் கேளாத தீர்ப்பு, ஒளி வீசும் திரையில் எழுதப்பட்டாலும் தீர்ப்பாகாது.

மொழியைப் பற்றியும் சொல்வோம். அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை தமிழும் அரசகரும மொழி என்கின்றது. 14அ உறுப்புரை தகவல் பெறும் உரிமையைத் தருகின்றது; 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுக்கின்றது. வாசிக்க இயலாத குறிப்போடு காட்டப்படும் எச்சரிக்கை எச்சரிக்கையன்று, அது ஓவியம்.

“விவசாயிக்கு இவையெல்லாம் விளங்குமா?” என்று கேட்போர் உளர். வாடையையும் சோழகத்தையும், கச்சானையும் கொண்டலையும் மேனியில் படும்போதே பிரித்தறிபவனுக்கு, நீலம் மழை, சிவப்பு வரட்சி என்பது விளங்காதாம்! “பணம் எங்கே?” என்பர் சிலர். மேலே கூறிய இரு தரவுத்தொகுதிகளும் எவரும் இலவசமாகப் பெறத்தக்கவை. நூறு திரைகள் வேண்டியதில்லை. கமநல சேவை நிலையத்தில் மூன்று திரைகள் போதும். ஒன்றில் இவ்வாண்டு மழை, ஒன்றில் சென்ற ஆண்டுகளின் மழை, ஒன்றில் குளங்களின் நீர்மட்டம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, ஊர்ப்பெயரும் நிறக்குறிப்பும் தமிழில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, எது அளந்து கண்டது, எது கணித்துக் கண்டது என்பதைப் படமே பிரித்துக் காட்டுதல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிடமும் ஒரு மழைமானியை ஒப்படைத்து, அதன் அளவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நான்காவது, படத்தை ஆதாரமாக்கி நட்டஈடு மறுக்கப்பட்டால் அதன் தரவைக் கேட்டுப் பெற்று மேன்முறையீடு செய்யும் வழி வேண்டும்.

கற்றோரே, உங்கள் பங்கும் இதில் உண்டு. பொறியியலாளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் தத்தம் ஊர்க் கமக்காரருடன் அமர்ந்து, இந்த மாரி தொடங்குமுன் ஒரு மழைக்கணக்குப் புத்தகத்தைத் திறப்பார்களாக. அடுத்த முறை அச்சதுரத்தின் முன் எமது விவசாயி எழுந்து நிற்கும்போது, அவர் கையில் வினா மட்டுமன்றிச் சான்றும் இருக்கட்டும்.