நானூறு ரூபாய் பேரமும் ஒரு லோயர் ஆர்மும்

மாருதி 800 இன்னும் ஓட்டுகிறேன் என்று சொன்னால் ஜனங்கள் இப்போதெல்லாம் ஒரு மாதிரியாகச் சிரிக்கிறார்கள். என்னுடையது 2005 மாடல். 2014 ஜனவரியோடு இந்த வண்டி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நாடு முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கு இன்றுவரை பஞ்சம் இல்லை. பஞ்சம் இல்லை என்பதே ஒரு தொந்தரவு. ஒரே சாமான் கடைக்குக் கடை ஐந்து விதமாக, ஐந்து விலையில் கிடைக்கிறது. பென்ஷன்காரன் கண் தானாகவே ஐந்தில் குறைந்ததன் மேல் போய் நிற்கும்.

பழைய வண்டிக்கு சஸ்பென்ஷன் சாமான் வாங்கும்போது எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதில் எனக்கு இப்போது ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. அது புத்தகம் படித்து வந்ததல்ல.

போன வருஷம் ஒரு சாயங்காலம். மேடவாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். வண்டியில் நான், மனைவி, பின்சீட்டில் பேத்தி. நல்லவேளையாக நெரிசல், இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். "டக்" என்று ஒரு சத்தம். முன்பக்க இடது மூலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு திரும்பியது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் கால் முறிந்த ஆட்டுக்குட்டி மாதிரி மடங்கி ஃபெண்டருக்குள் சொருகிக் கிடக்கிறது. லோயர் ஆர்மின் நுனியில் இருக்கிற பால் ஜாயிண்ட் கழன்று வந்திருந்தது. அந்த வாரம்தான் நாங்கள் மூன்று பேரும் திண்டிவனம் வரை போய்விட்டு பைபாஸில் எண்பதில் திரும்பி வந்திருந்தோம்.

அந்த லோயர் ஆர்ம் பழசு அல்ல. போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ரெக்கவரி வேனில் ஏற்றி, அதை மாட்டிய மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். கத்தினேன். பதினைந்து வருஷமாகப் பழக்கம், அவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆர்மைக் கழற்றிக் காட்டினார். பந்தை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த அடையாளமே இல்லாமல் மண்ணும் துருவுமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தப்புதான் சார். ஆனா அன்னிக்கு நீங்க கூலியில நானூறு ரூபா குறைச்சீங்க. ரெண்டு பசங்களுக்கு அரை நாள் வேலை சார் அது. நான் அதை சாமான்ல எடுத்தேன். இவ்ளோ மட்டமா இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அவர் செய்தது தப்பு, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் அடுத்தவர் பில்லைத் தோண்டித் துருவி ஆப்ஜெக்‌ஷன் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தப் பில்லில் "லோயர் ஆர்ம் - 2" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கம்பெனி பெயர் இல்லை, பார்ட் நம்பர் இல்லை. ஆபீசில் இப்படி ஒரு பில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்த வண்டிக்கு, கூலியில் நானூறு குறைத்த சந்தோஷத்தில், பார்க்காமலே பணம் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். கூலியில் பேரம் பேசாதீர்கள். சாமானை நீங்களே போய் வாங்குங்கள். நம்மில் பெரும்பாலோர் நேர்மாறாகச் செய்கிறோம். சாமான் விலையை மெக்கானிக் சொன்னால் தலையாட்டுகிறோம்; வியர்வை சிந்துகிற வேலைக்குத்தான் "என்னப்பா, இவ்வளவா?" என்கிறோம். கூலியில் குறைத்த பணம் எங்கேயும் போகாது. சாமானுக்குள் புகுந்து திரும்பி வரும், அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

நாமே வாங்கிக் கொடுத்தால் மெக்கானிக் "கியாரண்டி தரமாட்டேன் சார்" என்பார். நியாயம்தான். சாமானுக்குக் கியாரண்டி கடைக்காரர் பில்லில் இருக்கட்டும், வேலைக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு என்று பேசிக்கொண்டால் ஒத்துக்கொள்கிறார்கள். கூலியும் கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

ஜி.பி. ரோட்டில் ஒரு முழுக் காலைப்பொழுது அலைந்தேன். கடையில் முதல் கேள்வியே "பில் வேணுமா சார், வேண்டாமா?" என்பதுதான். வேண்டாம் என்றால் வரி மிச்சம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்தச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. இப்போது 18 ஆகிவிட்டது. அந்த ஆசையை விட்டுவிடலாம். பில் இல்லாத சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "எங்க கடையில வாங்கினதா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

பட்ஜெட்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. கார் கம்பெனி ஷாக் அப்சார்பரையும் பால் ஜாயிண்டையும் தானே செய்வதில்லை. கேப்ரியல், ரானே மாதிரி ஆட்களிடம்தான் இந்த நாட்டுக் கார் கம்பெனிகள் பலவும் வாங்குகின்றன. அதே ஆட்கள் தங்கள் சொந்த டப்பாவில் போட்டும் கடைக்குத் தருகிறார்கள். கார் கம்பெனி முத்திரை போட்ட டப்பாவுக்கு விலை அதிகம், இதற்குக் குறைவு. என்னைக் கேட்டால் நடுத்தர வர்க்கத்துக்கான இடம் இதுதான். இதற்கும் கீழே பெயர் தெரியாத டப்பா ஒன்று இருக்கும், பாதி விலையில். என் லோயர் ஆர்ம் வந்தது அங்கிருந்துதான்.

இதில் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. ஷாக் அப்சார்பர் மட்டமாக இருந்தால் வண்டி குதிக்கும், பிரேக் பிடிக்கும்போது நிற்கிற தூரம் கூடும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும். கெடுதல்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடும். பால் ஜாயிண்ட் சொல்லாது. சொன்னாலும் காதில் விழாத அளவுக்கு ஒரு மெல்லிய தட்டல், அவ்வளவே. அது விட்டால் சக்கரமே போயிற்று. அதனால் கையில் இருக்கிற காசில் முதல் பங்கு பால் ஜாயிண்டுக்கும் டை ராட் எண்டுக்கும். என் வண்டியில் ஆர்மும் பால் ஜாயிண்டும் சேர்ந்தே ஒரே உருப்படியாக வருவதால் ஆர்மோடு வாங்கினேன். மிஞ்சினதில் ஷாக்.

காயில் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு பயமுறுத்தல் உண்டு: "இருபது வருஷம் ஆச்சு சார், ஸ்பிரிங்கும் மாத்திடலாம்." சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் நாலு பக்கமும் அளந்தேன். இடமும் வலமும் அரை சென்டிமீட்டருக்குள் இருந்தது. சுருள் எங்கேயும் உடையவில்லை. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? ஸ்பிரிங் என்பது இரும்பு. சீக்கிரம் சாகிறது ரப்பர்.

பழைய வண்டியில் கேட்கும் "கடகட"வில் பாதி ரப்பரின் சாவுதான் என்பது என் அனுபவம். இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் பாரின் இரண்டு நுனியும் லோயர் ஆர்முக்குள்ளேயே நுழைந்து நிற்கிறது. அங்கே இருக்கும் புஷ் போய்விட்டால் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் தட்டும். ஆசாமி உடனே "ஷாக் போச்சு" என்று நான்கு ஷாக்கையும் மாற்றுவான். சத்தம் போகாது. ஷாக் நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்க பானெட் ஓரத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை ஆடினால் இல்லை. தண்டின் மேல் லேசான எண்ணெய்ப் பசை இருக்கலாம், ஒழுகி வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் இடம் வலம் ஜோடியாக. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கமாக இழுக்கும்.

முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது மேலே இருக்கும் மவுண்டையும் பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து மாற்றிவிடுவது மேல். சில நூறு ரூபாய் சாமான். தனியாக மாற்ற நினைத்தால் அதே கூலியை இன்னொரு தரம் கொடுக்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய ஷாக்கைப் பிரித்து, ஆயில் ஊற்றி, பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். கையால் அழுத்தினால் புதுசைவிடக் கெட்டியாக இருக்கும், கெட்டி ஆயில்! கதவுக் கைப்பிடி, கண்ணாடி, ஜாக்கி எல்லாம் நான் புதுப்பேட்டையில்தான் வாங்குகிறேன், கூச்சமே இல்லை. ஆனால் ரப்பர், ஆயில், பால் ஜாயிண்ட் மூன்றும் அங்கே வேண்டாம். அதேபோல ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே சொருகுகிற ரப்பர் துண்டு ஒன்று விற்கிறார்கள், ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாதாம். செத்த ஷாக்குக்கு முட்டுக் கொடுக்கிற வேலை அது. ஏற்கெனவே கட்டையாக ஓடும் வண்டி இன்னும் கட்டையாகும். என் முதுகுக்கு ஒத்துவரவில்லை.

சாமான் நல்லதாக இருந்தும் வேலையில் கெடுவது உண்டு. ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கினதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பட்டறைப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். அவன் முதலாளி மட்டும் "சார் சொல்றது சரிடா" என்றார்.

ஆமாம், அதே மெக்கானிக்தான். வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம். மகன் அதைத்தான் சொன்னான். அதற்கு முன்னால் "வித்துடுங்கப்பா" என்றும் சொன்னான். பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டு மாதத் தவணையில் புதுசு வாங்கி, அதன் ஷாக் போகும்போது நான் இருப்பேனா என்று கேட்டேன், பேசாமல் இருந்துவிட்டான். மெக்கானிக் விஷயத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: தப்பை ஒப்புக்கொண்டு, காரணத்தையும் முகத்துக்கு நேரே சொன்ன ஆள் ஒருத்தர் கிடைத்திருக்கிறார். புது ஆளிடம் அதுகூட இருக்குமோ என்னவோ.

ஆர்ம் இரண்டு, முன் ஸ்ட்ரட் இரண்டு, மவுண்ட், பம்ப் ஸ்டாப், ஸ்டெபிலைசர் புஷ் செட், டை ராட் எண்ட், எல்லாம் பில்லோடு ஏழாயிரத்துச் சொச்சம். கூலி அவர் கேட்ட இரண்டாயிரத்து இருநூறு, ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அலைன்மென்ட் தனி. முந்தைய தடவை செய்ததைவிட மூவாயிரம் கூட. ரெக்கவரி வேனுக்குக் கொடுத்ததையும் நசுங்கின ஃபெண்டரையும் சேர்த்தால் அந்தத் தடவைதான் அதிகம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பேத்தி இன்னும் பள்ளம் வந்தால் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். பின்பக்க ஷாக் இரண்டும் அடுத்த மாதம் பென்ஷன் வந்ததும் வாங்க வேண்டும். பார்ட் நம்பர் எழுதி பர்ஸில் வைத்துவிட்டேன்.