கூடத்தில்தான் கோணல்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மேல் பழி போடுபவர்களை இடித்துரைக்க எழுந்த மொழி அது. ஆனால் எங்கள் வீட்டில் ஒருமுறை கதை தலைகீழாக நடந்தது. ஆட வந்தவள் நன்றாகவே ஆடினாள். கூடம்தான் உண்மையிலேயே கோணல். அந்தக் கூடமோ எங்களுடையது! நாங்களோ ஆட வந்தவள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணையத்தைத்தான் சொல்கிறேன். பல மாதங்கள் நாங்கள் செய்த அந்தத் தவற்றை வெட்கத்தை விட்டு இங்கே எழுதக் காரணம் உண்டு. அதே தவற்றை இன்றும் எத்தனையோ வீடுகள் வேறு உருவில் செய்துகொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

2020ஆம் ஆண்டு. கொரோனா ஊரடங்கு. பொங்கலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தறிக்குடோனில் விசைத்தறிகள் ஓய்ந்து கிடந்தன. நான் மேல்நிலை முதலாம் ஆண்டு. என் அக்கா கல்லூரியில் வணிகவியல். இருவருக்கும் வகுப்பு, தேர்வு எல்லாம் கணிப்பொறித் திரையில். நூல் வியாபாரிகளோடு பேசுவதற்காக அப்பா எப்போதோ வாங்கிய தொலைபேசி இணைப்பில் பிராட்பேண்டும் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வேலை செய்தது என்று சொல்வதற்கில்லை. ஆசிரியர் பேசியதில் பாதி காதில் விழும். மீதியை நாங்களே ஊகித்துக்கொள்வோம்.

ஒரு நாள் அக்காவுக்குப் பருவத் தேர்வு. எழுதிய விடைத்தாளைப் படமெடுத்துக் குறித்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். பாதி தூரம் போன கோப்பு அப்படியே நின்றுவிட்டது. நேரமோ நிற்கவில்லை. அப்பா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்லடத்தில் உள்ள சித்தப்பா வீட்டுக்கு விரைந்தார். கடைசி நிமிடங்களில் தாள் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த அக்கா யாரிடமும் பேசவில்லை. ஓராண்டுப் படிப்பு ஒரு கம்பியில் தொங்கியதை அன்று நேரில் பார்த்தேன்.

சினம் யார்மேல் திரும்பும்? இணைப்புக் கொடுத்தவர்கள்மேல்தான். புகார்மேல் புகார் கொடுத்தோம். ஒரு நாள் வயது முதிர்ந்த லைன்மேன் ஒருவர் வந்தார். நான் படபடவென்று பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாடியிலிருந்த மோடத்தைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். வெளியிலிருந்து கம்பி நுழையும் சன்னலோரப் பெட்டியில், உள்ளே போகும் மற்ற வயர்கள் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, மோடத்தை மட்டும் நேராக மாட்டினார். கணிப்பொறியில் வேகத்தைப் பார்க்கச் சொன்னார். மாடியில் ஒரு மெகாபிட்டைத் தாண்டாத இணைப்பு, அங்கே ஏழு மெகாபிட்டைக் காட்டியது!

“தம்பி, பெரிய வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுத்தானுங்க இருக்குது. உங்க தோட்டத்து வாய்க்கால்லதான் ஒழுக்கு” என்றார் அவர்.

பி.ஏ.பி. பாசனத்தில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பரம்பிக்குளத்திலிருந்து மலையும் குகையும் கடந்து வந்த நீர், நம் வயலோரத்து எலி வளையில் இறங்கி வீணானால் அணையைக் குறை கூறுவது நியாயமா?

கம்பியின் கதை

நம் நாட்டில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் 1882இல் தோன்றின. ஆனால் சிற்றூர்களுக்கு அந்த வசதி எட்ட நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1984இல் தொடங்கப்பட்ட ‘சி-டாட்’ நிறுவனம், குளிர்சாதன அறை கேட்காத, 128 முனைகள் கொண்ட சிறிய ஊரகத் தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. 1986இல் கருநாடகத்தின் கித்தூரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது. அதன் பின்னரே சிற்றூர்களின் தெருக்களில் செம்புக் கம்பி பரவலாகப் படரத் தொடங்கியது.

பேசுவதற்காகப் போட்ட அதே கம்பியில்தான் பின்னாளில் இணையமும் வந்தது. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியே அந்தச் சேவையைத் தொடங்கியது. 2023இல் அந்த வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்துவிட்டது. வேகத்தின் அளவுகோல் வளர்ந்தது. பல வீடுகளில் சுவரோரத்து வயர் மட்டும் அன்று கிடந்தபடியே கிடந்தது.

ஒரே கம்பியில் பேச்சும் இணையமும் எப்படி மோதாமல் போகின்றன? கோவை–திருச்சி நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். சாலையோரத்தில் ஒரு மாட்டு வண்டி போகிறது. மீதிச் சாலை முழுதும் காலியாகக் கிடக்கிறது. தொலைபேசிப் பேச்சு அந்த மாட்டு வண்டி. நொடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளே அதற்குப் போதும். ‘ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ்’ என்னும் முறையோ அதற்கு மேலே, நொடிக்கு 22 இலட்சம் அதிர்வுகள் வரையுள்ள அகன்ற சாலையைப் பயன்படுத்துகிறது. தொலைபேசி நிலையத்துக்கு மிக அருகில், குறைகளற்ற கம்பியில், நொடிக்கு 24 மெகாபிட் வரை வரலாம். தொலைவு கூடக்கூட வேகம் குறையும். அது இயற்கை விதி. அதோடு வழக்காட முடியாது. ஆனால் வீட்டுக்குள் நாம் இழக்கும் வேகம் இயற்கை விதியன்று. நம் அலட்சியத்தின் விளைவு.

எங்கள் வீட்டுக் கோணல்கள்

அன்று லைன்மேன் காட்டிய குறைகளை, பின்னர் இயற்பியல் படித்தபோது ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன்.

முதற்குறை, ஸ்பிளிட்டர் இல்லாதது. பேச்சையும் இணையத்தையும் பிரித்து அனுப்பும் கைக்கடக்கமான பெட்டி அது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கழற்றியது எங்கேயோ போய்விட்டது. தொலைபேசியை நேராக மாட்டிவிட்டோம். அதன் விளைவாக அந்தக் கருவி உயர் அதிர்வுகளையும் விழுங்கியது. மணி அடித்தால் இணையம் அறுந்தது.

இரண்டாவது, யாருக்கும் பயன்படாத ஒரு வயர். தறிக்குடோனில் முன்பு ஓர் எக்ஸ்டென்ஷன் தொலைபேசி இருந்தது. செல்பேசி வந்ததும் கருவியை எடுத்துவிட்டோம். ஏறத்தாழ 30 மீட்டர் வயரை அப்படியே விட்டுவிட்டோம். ‘பயன்படாத வயர் என்ன கெடுதல் செய்துவிடும்?’ என்று கேட்கலாம். கிணற்றில் கத்தினால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதுபோல, முனை திறந்து கிடக்கும் வயரில் போன அலை முட்டித் திரும்பி வந்து, நேராக வரும் அலையோடு மோதுகிறது. கம்பியில் அலை நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், 30 மீட்டர் வயர் ஏறத்தாழ 17 இலட்சம் அதிர்வுகளின் அருகே உள்ள அலைகளை அழித்துவிடும். நாற்பெருக்கிய நீளத்தால் அலையின் வேகத்தை வகுத்துப் பாருங்கள், கணக்கு வந்துவிடும். நெடுஞ்சாலையின் நடுவே நாமே வெட்டி வைத்த குழி அது!

மூன்றாவது, மாடிக்குப் போன வயர். கடையில் கிடைத்த தட்டை வயரை வாங்கி, கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி இணைத்திருந்தோம். டேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சை பூத்திருந்தது. அந்த வயரைத் தறிக்குச் செல்லும் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியும் வைத்திருந்தோம். ஊரடங்கு தளர்ந்து தறிகள் ஓடத் தொடங்கியபின் இணையம் இன்னும் மோசமானது. தறி ஓடினால் இணையம் நிற்கும். தறி நின்றால் இணையம் ஓடும். ‘வோல்டேஜ் குறைவு’ என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம்.

தொலைபேசிக் கம்பிகளை ஏன் இரண்டிரண்டாக முறுக்குகிறார்கள்? தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1881இலேயே கண்ட உத்தி அது. முறுக்கிய இரு கம்பிகளிலும் வெளி இரைச்சல் ஒரே அளவில் பாயும். மறுமுனையில் அவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துபோகும். முறுக்கில்லாத தட்டை வயரோ ஏரியலாகிவிடும். மத்திய அலை வானொலி இயங்கும் 531 முதல் 1,602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, இணையம் ஓடும் அதே பாதையில்தான் இருக்கிறது. கோவை வானொலியைக் கேட்க நம் முன்னோர் முள்ளைத் திருப்பிய 999 கிலோஹெர்ட்ஸும் அதற்குள் அடக்கம். வானொலியையும் தறி மோட்டாரின் பொறியையும் ஒருங்கே பிடித்துக்கொண்டு எங்கள் வயர் இணையத்தை எப்படிக் கொண்டுவரும்?

குறைகளைத் தீர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. மோடத்தைச் சன்னலோரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அந்தப் பெட்டியிலேயே ஸ்பிளிட்டரைப் பொருத்தி, தொலைபேசியை அதன் வழியாக மாட்டினோம். தறிக்குடோன் வயரை அடியோடு பிரித்துவிட்டோம். மாடிக்குத் தொலைபேசி வயரை நீட்டுவதற்கு மாறாக, மோடத்திலிருந்து கணிப்பொறிக்கு நெட்வொர்க் கேபிளை இழுத்தோம். 100 மீட்டர் வரை அதில் வேகம் குன்றாது. மின்கம்பியிலிருந்து அதை விலக்கிக் கொண்டுபோனோம். செலவு சில நூறு ரூபாய். அதன்பின் அக்கா தேர்வுக்காகப் பல்லடம் போகவில்லை.

என் கருத்து

இங்கே ஒரு கேள்வி எழும். “செம்புக் கம்பிக்கே விடை கொடுக்கும் காலமாயிற்றே! கண்ணாடி இழை வீடு தேடி வருகிறதே! இனி இந்தப் பழங்கதை எதற்கு?”

உண்மைதான். பிரான்சு நாடு 2030க்குள் தன் செம்புத் தொலைபேசி வலையையே மூடிவிடத் திட்டமிட்டிருக்கிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியை அரசு மேற்கொண்டது. வரவேற்கிறேன். ஆனால் செம்பு திறமையற்றது என்று யாரும் எண்ண வேண்டாம். 2014இல் வகுக்கப்பட்ட ‘ஜி.ஃபாஸ்ட்’ என்னும் முறை, 100 மீட்டருக்குள் அதே தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ ஒரு கிகாபிட்டை ஓட்டிக் காட்டியது. செம்பு தோற்கவில்லை, அதைப் பேணத் தெரியாத நாம்தான் தோற்றோம். பேணத் தெரியாதவன் கையில் கண்ணாடி இழையும் தோற்கும்.

இன்று நம் வீடுகளைப் பாருங்கள். கண்ணாடி இழையைச் சன்னல் முனையில் மடக்கி ஆணி அடிக்கிறார்கள். கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும் என்பதை எண்ணுவதில்லை. வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். இரும்பு அலையைத் தடுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறகு “நெட் சரியில்லை” என்று நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். கம்பி மாறியது, கோணல் மாறவில்லை.

நிறுவனங்கள் குற்றமற்றவை என்று நான் வாதிடவில்லை. சுவருக்கு வெளியே உள்ள கம்பமும் கம்பியும் அவர்கள் பொறுப்பு. மழை பெய்தால் வெளியே இணைப்பு அறுவதற்கு வாடிக்கையாளர் என்ன செய்வார்? காசு வாங்குகிறவர்கள் கடமையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் சுவருக்கு உள்ளே உள்ள முப்பது மீட்டர் நம்முடையது. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் புகார் கொடுப்பவனின் சொல்லுக்கு வலிமை உண்டு. “முதற்பெட்டியிலேயே மாட்டிப் பார்த்தேன், அங்கேயும் வேகம் இல்லை” என்று ஒருவன் சொன்னால், எந்த அலுவலகமும் அவனைத் தட்டிக்கழிக்க முடியாது. அறியாதவனின் கூச்சல் காற்றோடு போகும். அறிந்தவனின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எனவே மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நாம் படிக்கும் அலைகளும் எதிரொளிப்பும் தேர்வுத்தாளோடு முடிந்துவிட வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர்களுக்குச் செல்கிறோம். சாலையைச் செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அதோடு ஒரு நாளை வீட்டு இணைப்புகளைப் பார்க்க ஒதுக்கினால் என்ன? விடைத்தாள் போய்ச் சேருமோ என்று கலங்கும் ஒரு தங்கையின் வீட்டில், வேண்டாத ஒரு வயரைப் பிரித்துவிடுவதும் ஒரு பெட்டியை நல்ல இடத்தில் வைப்பதும் சிறிய தொண்டல்ல.

அன்று அந்த லைன்மேனிடம் நான் உரத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அவர் தேநீர்கூட அருந்தாமல் அடுத்த புகாருக்குப் புறப்பட்டுவிட்டார். இக்கட்டுரையை அவருக்கு நான் செலுத்தும் காலங்கடந்த நன்றியாகக் கொள்ளுங்கள். ஆட வந்தவளைக் குறை கூறும் முன், நம் கூடத்தை ஒருமுறை நன்றாகப் பார்ப்போம்!