மாடியில பூத்த உவர்

போன சித்திரையில மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாம்பரம் பக்கம், ரெண்டாவது மாடி. மொட்டைமாடியில பையில தோட்டம் போட்டிருக்கா. தக்காளி, வெண்டை, ரெண்டு பை அரைக்கீரை, ஒரு கறிவேப்பிலை. வாரம் ஒருதடவை போன்ல படம் வரும். நேர்ல பார்த்தா கதை வேற. தக்காளி இலை ஓரமெல்லாம் கருகிக் கிடக்கு. மண்ணுமேல வெள்ளையா பூத்திருக்கு. விரலால தட்டினா ஓட்டைத் தட்டற மாதிரி சத்தம். ஒரு செம்பு தண்ணி ஊத்தினேன், உள்ளே இறங்காம மேலேயே நிக்குது.

பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க நிலத்துல மேலண்டைப் பக்கம் அரை ஏக்கர் இதே மாதிரிதான் கிடந்துச்சு, ரொம்ப வருஷம்.

"ஏம்மா, இதுக்கு என்ன தண்ணி ஊத்துற?"

"போர் தண்ணியும், துணி துவைச்ச தண்ணியும்தாம்ப்பா. பயப்படாதீங்க, அதுல கெமிக்கல் ஒண்ணும் இல்ல. சோப்புத்தூள் நானே வீட்ல செய்யறேன்."

எப்படிச் செய்யறேன்னும் சொன்னா. பார் சோப்பைக் கேரட் மாதிரி துருவி, அதோட சலவை சோடா, ஆப்ப சோடா, கொஞ்சம் கல்லுப்பு, வாசனைக்குக் காய வச்ச எலுமிச்சைத் தோல். மிக்ஸியில ஒரு சுத்து. செலவு கம்மி, கைக்கும் எரிச்சல் இல்லையாம். யாரோ வீடியோவுல சொல்லிக்கொடுத்திருக்காங்க. துவைச்ச தண்ணியைச் செடிக்கு ஊத்தலாம்ங்கிறதும் அதே வீடியோதான்.

வீட்ல சோப்புத்தூள் செய்யறதை நான் குறை சொல்லல. நம்ம நாட்டுல பெருசா வித்த சோப்புத்தூள் ஒண்ணே வீட்டுக் கொல்லையில பிறந்ததுதான். குஜராத் அரசாங்கத்துல கெமிஸ்டா வேலை பார்த்த கர்சன்பாய் பட்டேல் 1969-ல அகமதாபாத்துல தன் வீட்ல கலந்து, சைக்கிள்ல வச்சு வீடு வீடா வித்த தூள்தான் நிர்மா. அதுலயும் முக்கியச் சரக்கு சோடாதான். அதனால வீட்ல செஞ்சதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு பொருள் மண்ணுக்கு நல்லதாயிடாது. அதுல என்ன இருக்கு, துவைச்ச தண்ணி எங்க போய்ச் சேருதுங்கிறதுதான் கேள்வி.

அந்த அரை ஏக்கர் கதையைச் சொன்னா உங்களுக்கு விளங்கும்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப, கோடையில அறுப்பு முடிஞ்சு தரிசு காயும்போது அந்த மேலண்டைத் துண்டுல வெள்ளையா மாவு தூவின மாதிரி பூக்கும். நெல்லு விதைச்சா அங்கங்க நாலு பயிர் மஞ்சளா நிக்கும், அவ்வளவுதான். எங்கப்பா அந்தத் துண்டைப் பார்த்தாலே திட்டுவாரு. ஆனா ஒருத்தர் மட்டும் அதைத் தேடி வருவாரு. எங்க தெருவுக்குத் துணி வெளுத்தவர். விடியக்காலையில கழுதையோட வந்து, வெயில் ஏறுறதுக்குள்ள மேல் மண்ணைச் சுரண்டிச் சாக்குல கட்டிக்கிட்டுப் போவாரு. உவர்மண். அதுதான் அவருக்குச் சோப்பு.

அந்த மண்ணைத் தண்ணியில கரைச்சு, தெளிவை இறுத்து, அழுக்குத் துணியை அதுல முக்கி எடுப்பாங்க. அப்புறம் வெள்ளாவி. அடுப்புமேல பெரிய பானை, அதுமேல துணியைச் சுத்திச் சுத்திக் கோபுரமா அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில வேகவிடுவாங்க. காலையில ஆத்தங்கரைக் கல்லுல அடிச்சு அலசினா வேட்டி கண்ணைக் கூசும். எந்தத் துணி எந்த வீட்டுதுன்னு தெரிய சேங்கொட்டைப் பால்ல ஓரமா ஒரு புள்ளி, ஒரு கோடு. அந்தக் குறி துணி கிழியற வரைக்கும் போகாது. நாப்பது வீட்டுக் குறியும் அவருக்கு மனப்பாடம். இவ்வளவுக்கும் கூலி அறுப்புக் களத்துல அளந்து போடற நெல்லும், வீட்டு வீட்டுக்கு ராத்திரி வாங்குற சோறும். என்னைவிட நாப்பது வயசு மூத்தவரை, பத்து வயசுல நான் பேரைச் சொல்லி வாடா போடான்னு கூப்பிட்டிருக்கேன். எங்க வீட்ல யாரும் கண்டிக்கல. இப்ப "பாரம்பரியச் சலவை முறை"ன்னு பெருமையா எழுதறவங்களைப் பார்க்கிறப்ப அந்த ஞாபகம் வந்து தொண்டையில நிக்குது.

அவர்தான் ஒருநாள் எங்கப்பாகிட்ட சொன்னாரு: "இந்த மண்ணு அழுக்கைத் திங்குதுங்க. அதான் பயிரையும் திங்குது." படிக்காத மனுஷர். பின்னாடி வேளாண்மைத் துறை ஆளுங்க வந்து மண்ணு பரிசோதனை செஞ்சு சொன்னதும் அதேதான், கொஞ்சம் நீளமா.

அந்த மண்ணுல இருக்கிறது சோடா. கடையில பாக்கெட்டுல விக்கிற சலவை சோடாவும் அதுவும் ஒரே இனம். சோடியம்னு ஒரு சத்து, அதுதான் வேலை செய்யறது. நல்ல களிமண்ணுல சுண்ணாம்புச் சத்து மண்ணைக் குருணை குருணையாப் பிடிச்சு வச்சிருக்கும். இடுக்குல தண்ணி இறங்கும், காத்துப் போகும், வேர் ஓடும். சோடியம் வந்து சுண்ணாம்பு இருக்கிற இடத்தைப் பிடிச்சுக்கிட்டா குருணை உடைஞ்சு மண்ணு கூழாயிடும். நனைஞ்சா சேறு, காய்ஞ்சா கல்லு. இதைத்தான் நாங்க களர்னு சொல்றோம்.

அந்த அரை ஏக்கரைத் திருத்த எங்களுக்குப் பல வருஷம் ஆச்சு. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி கட்டி நிறுத்தி, வடிகால் வெட்டி அதை வெளியே விட்டு, மறுபடி கட்டி, மறுபடி வடிச்சு. ஜிப்சத்துல இருக்கிற சுண்ணாம்பு சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தன் இடத்துல உக்காரும். தள்ளிவிட்டதை வடிச்சு வெளியே விடலைன்னா போட்ட ஜிப்சம் வீண். அப்புறம் தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிற நேரத்துல மடக்கி உழுதோம். மூணாவது சம்பாவுலதான் அந்தத் துண்டுல சுமாரா ஒரு விளைச்சல் பார்த்தோம்.

இப்ப மகள் மாடிக்கு வாங்க. துணி சோப்பு எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தது. சலவை சோடா, ஆப்ப சோடா, கல்லுப்பு, எல்லாமே சோடியம். நாங்க லாரியில ஜிப்சம் இறக்கி எதை வெளியே தள்ளினோமோ, அதை அவ வாளி வாளியா மாடிக்குத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பையில ஊத்தியிருக்கா. அந்த ஊர் போர் தண்ணியும் உப்பு, அதையும் சொல்லணும். ஆனா வயலுக்காவது வடிகால் இருக்கு. பையில எங்க வடியும்?

கடைச் சோப்புத்தூள் யோக்கியம்னு சொல்ல வரல. அதுலயும் சோடா இருக்கு, இன்னும் என்னென்னமோ இருக்கு. ஆனா கடைத்தூள் தண்ணியைச் செடிக்கு ஊத்த அவளுக்குப் பயம் இருந்துச்சு. "நானே செஞ்சது, இயற்கை"ன்னு ஆனதும் அந்தப் பயம் போயிடுச்சு. எனக்குக் கவலை அதுதான். ஊர்ல பத்து வீடு இப்படி ஊத்தினா பத்துப் பை மண்ணு போகும், பெரிய நஷ்டமில்ல. சுத்தம்னு நம்பி நிலம் வாங்கித் தோட்டம் போடறவங்களும் வீட்டுத் தண்ணியை அப்படியே தென்னைக்கும் வாழைக்கும் திருப்பி விடறாங்க. களிமண் பூமியில அது உடனே தெரியாது. தெரியும்போது ஜிப்சம் தேடணும்.

கடைத்தூள்ல இன்னொரு சங்கதி பாஸ்பேட். எங்க பாஷையில மணிச்சத்து. டிஏபி மூட்டையில நாங்க காசு கொடுத்து வாங்கிப் போடறோமே, அதே சத்து. எல்லாத் தூள்லயும் இருக்குன்னு இல்ல, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கணும். மண்ணுல போட்டா மணி பிடிக்கும், குளத்துக்குப் போனா பாசியும் ஆகாயத்தாமரையும் பிடிக்கும். அமெரிக்காவுல ஈரி ஏரி இப்படிப் பாசி மண்டி நாறிப்போய், கனடாவும் அமெரிக்காவும் 1972-ல ஒப்பந்தம் போட்டு, ஏரிக்குள்ள போற பாஸ்பரஸைக் குறைச்சாங்க. ஐரோப்பாவுல 2013-லேருந்து வீட்டுச் சலவைத்தூள்ல அதுக்குக் கட்டுப்பாடு. எங்க வாய்க்கால்ல ஜூன் 12 மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடி ஜேசிபி விட்டு ஆகாயத்தாமரையை வாரிக் கரையில போடறாங்க, ஐப்பசிக்குள்ள மறுபடி மூடிக்குது. அதுல சோப்புத் தண்ணியோட பங்கும் உண்டு, எங்க வயல்லேருந்து வடியற உரத்தண்ணியோட பங்கும் உண்டு. பட்டணத்துக்காரங்களை மட்டும் கை நீட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

அப்ப எதுலதான் துவைக்கிறதுன்னு மகள் கேட்டா. கோவமாத்தான் கேட்டா.

எங்கம்மா பட்டுப்புடவைக்குச் சோப்பே காட்டமாட்டாங்க. பூந்திக்கொட்டைதான். பூவந்திக்கொட்டைன்னும் சொல்வாங்க. கல்யாணத்துக்கு எடுத்த திருபுவனம் பட்டு, நாப்பது வருஷம் கழிச்சும் மடிப்புல நைஞ்சுபோகாம இருந்துச்சு. அதுக்குக் காரணம் இருக்கு. நெசவு செய்யறவங்க பட்டு நூல்ல இருக்கிற பசையை எடுக்கவே சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிறாங்க. அந்தச் சோடாவையே துவைக்கிறப்ப எல்லாம் போட்டா பசைக்கு அடுத்து நூல்தானே போகும்? பூந்திக்கொட்டையில அந்தக் காரம் கிடையாது.

செய்யறது சுலபம். நாட்டு மருந்துக்கடையில காய்ஞ்ச கொட்டை கிடைக்கும். உள்ள இருக்கிற கறுப்பு விதையைத் தட்டி எடுத்துடுங்க, நுரை மேல் தோல்லதான். இருபது தோலை ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வச்சு, காலையில கால் மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறினதும் கையால நல்லாப் பிசைஞ்சு துணியில வடிகட்டணும். ரெண்டு நாளுக்குமேல வெளியே வச்சா புளிச்சு நாறும், பிரிட்ஜ்ல வைங்க. பொடியாக்கி வச்சுக்கலாம்னு நினைச்சா மூக்கைக் கட்டிக்கிட்டு அரைங்க, இல்லைன்னா அன்னைக்குப் பூரா தும்மல்தான். கண்ணுல பட்டா மிளகாய் மாதிரி எரியும்.

பட்டு, பருத்திப் புடவை, கலர் துணி, குழந்தைத் துணி, தினசரி வேர்வை அழுக்கு இதெல்லாம் போகும். உப்புத் தண்ணியில சோப்பு திரிதிரியா ஒட்டிக்கிட்டு நிக்கும், இது அப்படி நிக்காது. ஆனா வெள்ளை யூனிபார்ம் காலர், எண்ணெய்க்கறை, மஞ்சள் கறை, என் நடவு வேட்டி, இதுக்கெல்லாம் பத்தாது. பேரன் சட்டையில போட்டுப் பார்த்தோம், வெள்ளை மங்கித்தான் வந்துச்சு. அதுக்குச் சோப்பைப் போட்டுட்டுப் போங்க, அந்த முதல் தண்ணியைச் சாக்கடைக்கு விடுங்க. மூணாவது அலசல் தண்ணியைச் செடிக்கு ஊத்துனா பரவாயில்ல.

பூந்திக்கொட்டையும் முழு சாது கிடையாது. சின்ன வயசுல வாய்க்கால் வத்தி அங்கங்க குட்டையா நிக்கிறப்ப, நாங்க பசங்க கொட்டையை நசுக்கி அதுல கலக்கி விடுவோம். கொஞ்ச நேரத்துல கெண்டைப்பொடி எல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மேல வரும். அள்ளிக்க வேண்டியதுதான். அந்த நுரை மீனோட செவுளுக்கு எமன். அதனால அந்தத் தண்ணியை மண்ணுல ஊத்துங்க, மீன் இருக்கிற தொட்டியிலயோ குளத்துலயோ ஊத்தாதீங்க.

சாம்பலைப் பத்தியும் கேட்டா. வாழைச்சருகை எரிச்ச சாம்பலைத் தண்ணியில கரைச்சுத் தெளிய வச்சா வழவழன்னு ஒரு தண்ணி கிடைக்கும், அழுக்கு எடுக்கும். அதுல இருக்கிறது சோடியம் இல்ல, பொட்டாஷ். அதுக்குத் தமிழ்ல பேரே சாம்பல் சத்துதான். அளவாப் போனா செடிக்குத் தீனி. ஆனா காரம் ஜாஸ்தி, கையை உரிச்சுடும், பட்டுக்கு ஆகாது. அதோட தாம்பரத்துல ரெண்டாவது மாடியில வாழைச்சருகை எரிச்சா கீழ்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவாரு. அதை விட்டுட்டோம்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பைகளை ஒரு வழி பண்ணினேன். மேல பூத்த வெள்ளையை மண்ணோட சுரண்டி எடுத்தேன், அந்தக் காலத்துல அவர் சுரண்டின மாதிரியே. பைக்கு ஒரு கை ஜிப்சம் தூவிக் கிளறி, அடியில ஓட்டையைப் பெருசாக்கி, கேன் தண்ணி வாங்கி ரெண்டு தடவை முழுசா வடியற வரைக்கும் ஊத்தினோம். காசைப் பார்த்து மாப்பிள்ளைக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. கறிவேப்பிலை பிழைச்சுக்கிச்சு. தக்காளி போச்சு. ஐப்பசி மழை பிடிச்சு மத்ததைப் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன்.

நேத்து போன் பண்ணினா. கீரை முளைச்சிருக்காம். பூந்திக்கொட்டை ரெண்டு கிலோ வேணுமாம், விதையை எடுத்துட்டுச் சுத்தம் பண்ணி அனுப்பணுமாம். வெள்ளிக்கிழமை கும்பகோணம் போறப்ப வாங்கி பஸ்ல போட்டுவிடணும். விதையை அவளே தட்டி எடுத்துக்கட்டும்.