நிஷிகோரி: வெற்றியும் அதன் விலையும்

2025 ஜனவரியில் ஹாங்காங் டென்னிஸ் போட்டியின் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் கெய் நிஷிகோரி, பிரான்சின் அலெக்சாந்தர் முல்லரிடம் தோற்றார். முதல் செட்டை எளிதாக எடுத்தவர், அடுத்த இரண்டையும் இழந்தார். வென்றவரைவிடத் தோற்றவரின் கதையே நாம் கவனிக்கத்தக்கது. அப்போது அவருக்கு வயது 35. அதற்கு முன் இத்தகைய இறுதி ஆட்டத்தை அவர் எட்டியது 2019-ல், பிரிஸ்பேன் நகரில். இடையிலே ஆறு ஆண்டுகள் எங்கே போயின?

நிஷிகோரி 1989 டிசம்பரில் மாட்சுவே என்ற ஊரில் பிறந்தவர். ஸோனி நிறுவனத்தைச் சேர்ந்த மசாக்கி மொரிட்டா, இளம் ஆட்டக்காரர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்சி தர ஒரு நிதி ஏற்படுத்தினார். அதன் உதவியால் 2003-ல், 13 வயதில், ஆங்கிலம் அறியாத அந்தச் சிறுவன் பெற்றோரைப் பிரிந்து புளோரிடா போய்ச் சேர்ந்தான்.

அவர்கள் வைத்த இலக்கு என்ன தெரியுமா? உலகத் தர வரிசையில் 45-ஆவது இடம்! ஜப்பானிய ஆண்களில் அதுவரை எவரும் 46-ஐத் தாண்டியதில்லை. அந்த இடத்தை 1992-ல் பிடித்தவர் ஷூசோ மட்சுவோகா. பொருள் வளத்தில் உலகின் முன்னணியில் நின்ற நாடு, டென்னிஸில் இவ்வளவு சிறிய ஆசையோடு தொடங்கியது வியப்பே.

ஆனால் ஆசையைவிட ஆள் பெரியவராக வளர்ந்தார். 2008-ல், 18 வயதில், டெல்ரே பீச் போட்டியை வென்றார். 2011-ல் 45-ஐக் கடந்தார். 2014 அமெரிக்க ஓபன் போட்டியில் ரவோனிச், வாவ்ரிங்கா, ஜோகோவிச் ஆகிய மூவரையும் அடுத்தடுத்து வீழ்த்தி இறுதி ஆட்டத்தை எட்டினார். ஆசிய நாடு ஒன்றின் சார்பில் ஆடிய ஆண் எவரும் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் அதுவரை அந்த இடத்துக்கு வந்ததில்லை. இறுதியில் குரோஷியாவின் சிலிச்சிடம் நேர் செட்டுகளில் தோற்றார். 2015 மார்ச்சில் உலகின் 4-ஆம் இடம் அவருடையதாயிற்று.

2016 ரியோ ஒலிம்பிக்கில் நடாலை வென்று வெண்கலப் பதக்கம் பெற்றார். டென்னிஸில் ஜப்பானுக்கு 96 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பதக்கம் அது. 1920-ல் ஆன்ட்வெர்ப்பில் குமகே ஒற்றையரிலும், காஷியோவுடன் சேர்ந்து இரட்டையரிலும் பெற்ற வெள்ளிப் பதக்கங்களே ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கங்கள். அவ்விருவரும் நியூயார்க்கில் ஜப்பானிய நிறுவனங்களில் உத்தியோகம் பார்த்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களுக்கு ஆட்டம் உத்தியோகத்துக்கு வெளியே இருந்தது. நிஷிகோரிக்கோ ஆட்டமே உத்தியோகம்.

இங்கேதான் விலை என்ற கேள்வி எழுகிறது. 2014 மாட்ரிட் இறுதி ஆட்டத்தில் நடாலை ஏறக்குறைய வென்றுவிட்ட நிலையில் முதுகு வலி தடுத்தது. ஆட்டத்தை முடிக்காமலே விலகினார். 2019-ல் முழங்கையிலும் 2022-ல் இடுப்பிலும் அறுவைச் சிகிச்சை. தர வரிசையிலிருந்தே பெயர் மறைந்தது. 178 சென்டிமீட்டர் உயரமுள்ளவர், தம்மைவிட ஓங்கிய ஆட்டக்காரர்களின் பலத்தைக் கால் வேகத்தால் ஈடுகட்டினார். அந்த ஓட்டத்தின் கணக்கை உடம்பு பின்னர் தீர்த்துக்கொண்டது.

எனினும் 2023-ல் போர்ட்டோ ரீக்கோவில், தர வரிசை எண்ணே இல்லாதவராய் இறங்கிச் சிறிய போட்டி ஒன்றை வென்றார். ஒரு காலத்தில் உலகின் நான்காமவராக இருந்தவர் கீழ்ப்படியிலிருந்து மீண்டும் ஏறக் கூசவில்லை. ஹாங்காங் இறுதி ஆட்டம் அந்த ஏற்றத்தின் பயனே.

கிராண்ட் ஸ்லாம் பட்டம் இல்லை என்பதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அது சரியான கணக்கு அன்று. வீட்டைவிட்டு வெளியூர் போய் உழைப்பவன் கொண்டுவருவதை ஊரார் எண்ணுகிறார்கள். அங்கே அவன் விட்டுவந்ததை எண்ணுவதில்லை. 45-ஆம் இடத்துக்காக அனுப்பப்பட்ட சிறுவன் 4-ஆம் இடம் வரை போனான். கொடுத்த வேலைக்கு மேலாகவே செய்து முடித்தவன் அவன்.